உப்புக்குச் சப்பாணி

எங்கள் தெருவில் பெண்பிள்ளைகள் பாண்டி ஆடும்போது ஒரு வழக்கம் இருந்தது. யாராவது ஒருத்தி இடுப்பில் தம்பியையோ தங்கையையோ தூக்கிக்கொண்டுதான் வருவாள், வீட்டில் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருப்பார்கள், விட்டுவிட்டு வர முடியாது. அந்த வாண்டு நானும் ஆடுவேன் என்று அழும். சரி ஆடட்டும், ஆனால் அது கோட்டை மிதித்தாலும் அவுட் கிடையாது, எல்லாக் கட்டத்தையும் தாண்டினாலும் பழம் கிடையாது. அதற்குப் பேர் உப்புக்குச் சப்பாணி. (ஒப்புக்குச் சப்பாணி என்பதுதான் சரி என்று ஒரு தமிழாசிரியர் வகுப்பில் திருத்தினார். எங்கள் வடசென்னை வியாசர்பாடியில் யாரும் திருந்தவில்லை.)

எட்டு வயசுப் பிள்ளைகள், தாங்களே வைத்த சட்டத்தில் தாங்களே ஒரு ஓட்டை போட்டு, அழுகிற குழந்தையை உள்ளே விடுகிறார்கள். எவ்வளவு பெரிய மனசு. ஆனால் அதே வார்த்தையைப் பத்து வயசுப் பையனிடம் சொல்லிப் பாருங்கள், அடிதடிதான். என்னை ஒரு தடவை சொன்னார்கள். கையில் மாவுக்கட்டு போட்டிருந்தேன், கில்லி ஆட வந்தபோது "டேய், அவன் உப்புக்குச் சப்பாணிடா, அவுட்டு இல்ல" என்று ஒருத்தன் இரக்கப்பட்டான். நான் ஆடாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது, அந்த இரக்கம் இன்னும் எரிகிறது.

இதையெல்லாம் கிளறிவிட்டது ஜான் பியாஜே. சுவிட்சர்லாந்துக்காரர், குழந்தைகளின் அறிவு படிப்படியாக எப்படி மாறுகிறது என்று வாழ்நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருந்தவர். 1932இல் குழந்தைகளின் நியாய உணர்வைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார், அதற்காக அவர் செய்த வேலை எனக்கு ரொம்பப் பிடித்தது: பையன்களிடம் போய், எனக்கு ஆட்டம் மறந்துபோச்சு, கோலி எப்படி ஆடுறதுன்னு சொல்லிக்கொடு என்று உட்கார்ந்துவிட்டார். ஐந்தாறு வயசுப் பையனுக்குக் கோலி விதி சாமி போட்டது மாதிரி, பெரியவங்க சொன்னது, மாற்றவே கூடாது. ஆனால் ஆடும்போது அவன் பாட்டுக்கு எதையோ ஆடிக்கொண்டிருப்பான், விதியை மீறுகிறோம் என்பதே அவனுக்கு உறைக்காது. பதினொன்று பன்னிரண்டு வயசுக்காரன் வேறு மாதிரி. எல்லாரும் ஒத்துக்கொண்டால் மாற்றலாமே என்பான், ஒத்துக்கொண்டதை ஒழுங்காகக் கடைப்பிடிக்கவும் செய்வான்.

பெண்பிள்ளைகளின் ஆட்டங்களையும் பார்த்தார், நம் பாண்டி மாதிரியான ஒன்றும் அதில் உண்டு. பையன்கள் அளவுக்கு இவர்களுக்குச் சட்ட நுணுக்கத்தில் நாட்டம் இல்லை என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். எங்கள் தெருவுக்கு வந்திருந்தால் என்ன எழுதியிருப்பாரோ.

அவர் விட்ட இடத்திலிருந்து தொடங்கியவர் அமெரிக்காவின் லாரன்ஸ் கோல்பர்க். 1958இல் முடித்த ஆய்வேட்டில் சிகாகோ பகுதிப் பையன்களிடம் சிக்கலான கதைகளைச் சொல்லி, நீயாக இருந்தால் என்ன செய்வாய் என்று கேட்டார். அதில் பிரபலமானது ஹைன்ஸ் கதை. மனைவிக்குப் புற்றுநோய், மருந்து ஒரே கடையில்தான், கடைக்காரன் பல மடங்கு விலை சொல்கிறான், ஹைன்ஸிடம் பாதிதான் தேறுகிறது. திருடலாமா? திருடலாம், கூடாது என்பது அவருக்கு முக்கியமில்லை, என்ன காரணம் சொல்கிறாய் என்பதுதான் கணக்கு. அடி விழும் என்பதற்காக ஒழுங்காக இருப்பது முதல் படி. நாலு பேர் நல்லவன் என்று சொல்வதற்காக என்றால் மூன்றாம் படி. சட்டம் ஒழுங்குக்காக என்றால் நான்காம் படி. மேலே மேலே போனால் சட்டத்துக்கும் அப்பாற்பட்ட அறம். மொத்தம் ஆறு.

இந்தக் கதையை எங்கள் அத்தையிடம் சொன்னேன். காசிமேட்டில் விடிகாலை ஏலத்தில் மீன் எடுத்து, கூடையில் தலைச்சுமையாகத் தெருத்தெருவாக விற்று மூன்று பெண்களைக் கரையேற்றியவள். முழுக்கக் கேட்டுவிட்டு எரிச்சலாகப் பார்த்தாள். "அவன் பொண்டாட்டி கழுத்துல ஒண்ணுமே இல்லியா? சேட்டுக் கடைல வச்சா துட்டு தர மாட்டானா? அந்தத் தெருவுல சீட்டு புடிக்கிறவ ஒருத்தியும் இல்லியா? மருந்துகடக்காரன் பொண்டாட்டிகைல போய்ச் சொல்லச் சொல்லு, அவ பாத்துப்பா. திருடறானாம், போலீஸ் இட்டுனு போனா அந்தப் பொம்பளைக்கு யாரு கஞ்சி வச்சி குடுப்பா?"

கோல்பர்க் கணக்கில் அத்தைக்கு மூன்றாம் படி கிடைத்திருக்கலாம், அதுவும் இழுத்துப் பிடித்தால். உறவு, அக்கம்பக்கம், பேச்சுவார்த்தை எல்லாம் அங்கே கீழ்ப்படி. அமெரிக்க உளவியலாளர் கரோல் கில்லிகன் 1982இல் சண்டை போட்டது இதற்காகத்தான். எமி என்று பெயர் கொடுத்து அவர் எழுதிய 11 வயதுச் சிறுமியும் கிட்டத்தட்ட அத்தை சொன்னதைத்தான் சொன்னாள்: கடன் வாங்கலாம், கடைக்காரரிடம் பேசிப் புரியவைக்கலாம், திருடி ஜெயிலுக்குப் போனால் மனைவியை யார் பார்ப்பார்கள். ஏணியைச் செய்தபோது பையன்களை மட்டும் வைத்து அளந்துவிட்டு, அப்புறம் பெண்களை அதில் நிறுத்தி உயரம் போதவில்லை என்றால் எப்படி என்று கேட்டார் கில்லிகன். நியாயமான கேள்வி.

அதற்காக அத்தையைத் தூக்கி ஆறாம் படியில் வைக்கவும் எனக்கு மனசு வரவில்லை. முன்பின் தெரியாத ஹைன்ஸ் மனைவிக்குக் கஞ்சி யோசித்த இதே அத்தை, நடு மகள் வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டபோது இரண்டு வருஷம் அவள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. பேரன் பிறந்த செய்தி வந்த அன்றைக்கும் கூடையைத் தூக்கிக்கொண்டு வியாபாரத்துக்குப் போய்விட்டாள். ஒரே மனுஷி காலையில் ஒரு படியிலும் சாயங்காலம் இன்னொரு படியிலும் நிற்கிறாள், இதற்கு எந்த ஏணியிலும் கட்டம் இல்லை.

படிகள் பற்றி எழுதியவர்களில் எனக்கு நெருக்கமானவர் எரிக் எரிக்சன். ஒருவேளை அவர் கதையாலேயே இருக்கலாம். பெற்ற தகப்பன் யார் என்றே அவருக்குக் கடைசிவரை தெரியாது, வளர்ப்புத் தகப்பன் பெயர் ஹோம்பர்கர், எரிக்சன் என்பது பெரியவனானபிறகு தானே வைத்துக்கொண்ட பெயர். அடையாளச் சிக்கல் என்ற பேச்சையே உலகத்துக்குக் கொடுத்தவர் இவர் என்பதில் ஆச்சரியம் இல்லை. 1950இல் வந்த புத்தகத்தில் வாழ்க்கையை எட்டுக் கட்டமாகப் பிரித்தார். ஒவ்வொன்றிலும் ஒரு இழுபறி. விடலைப் பருவத்தில் நான் யார் என்ற இழுபறி. நடுவயதில், எனக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு நான் ஏதாவது செய்கிறேனா, இல்லை தேங்கிப் போய்விட்டேனா என்கிற இழுபறி.

1998இல் எங்கள் ஒண்டுக்குடித்தன வீட்டில் இந்த இரண்டு இழுபறியும் ஒரே பாயில் படுத்திருந்தன. எனக்கு 16, அப்பாவுக்கு 47. அப்பா திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். கம்பெனி மூடிவிட்டார்கள், பெயர் வேண்டாம், செட்டில்மென்ட் என்று வந்த பணம் அக்கா கல்யாணத்தோடு சரி. அதற்கப்புறமும் அப்பா காலையில் ஐந்து மணிக்கே எழுந்துவிடுவார். குளித்து, காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்திருப்பார். ஏழு மணிக்கு மேல் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். ஒரு வருஷத்துக்கு மேல் இது நடந்தது, அம்மா ஒன்றும் சொல்ல மாட்டாள், அந்தச் சட்டையை வாரம் ஒரு தடவை துவைத்துக் காயப்போடுவாள்.

அப்புறம் ஒரு நாள் தெருமுனை மன்றத்தில் கேரம் போர்டு உடைந்தது. மன்றம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம், தகரக் கூரை, நாலைந்து தலைவர்கள் படம், ஒரு குண்டு பல்பு. அப்பா போய் ஓரச் சட்டத்தை இழைத்து, மூலையில் தூக்கிக்கொண்டிருந்த பலகையை நேராக்கி, போரிக் பவுடர் போட்டுத் தேய்த்து, ஸ்ட்ரைக்கரை ஒரு சுண்டு சுண்டிப் பார்த்தார். நாலு பக்கமும் அடித்துத் திரும்பி வந்து அவர் விரலுக்கே நின்றது. வாயைப் பிளந்துகொண்டு நின்ற பையன்களுக்கு அடுத்த நாளிலிருந்து பயிற்சி. காசு கிடையாது. கட்டை விரலை வைத்துத் தள்ளாதே, முட்டி கோட்டைத் தாண்டக் கூடாது, ரெட் போட்டால் ஃபாலோ போடு, எதிராளி பார்க்காவிட்டாலும் ஃபைன் ஃபைன்தான், காயை எடுத்து நடுவில் வை. எரிக்சனின் ஏழாவது கட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான படம் எனக்குத் தெரியாது. ஆனால் அன்றைக்கு எனக்கு அவமானமாக இருந்தது. கூடப் படிக்கிறவர்கள் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டால் டூட்டி என்பேன். முதல் வேலைக்கு விண்ணப்பம் போட்டபோது முகவரியில் வியாசர்பாடியை விட்டுவிட்டுப் பெரம்பூர் என்று எழுதினேன். இந்தப் பக்கத்துக்காரர்களில் பாதிப் பேர் இதைச் செய்திருப்பார்கள், சொல்லமாட்டார்கள்.

எரிக்சன் 1962இல் அகமதாபாத் வந்தார். அங்கே 1918இல் நடந்த ஆலை வேலைநிறுத்தத்தையும் அதில் காந்தி வளர்ந்த விதத்தையும் வைத்து 1969இல் ஒரு பெரிய புத்தகம் எழுதினார். ஒரு மனிதனின் நடுவயதுக் கட்டமும் ஒரு ஊரின் போராட்டமும் எப்படிப் பின்னிக்கொள்கின்றன என்று பார்க்கிற புத்தகம். அதைப் படிக்கும்போது எனக்கு ஒரு சின்ன ஆதங்கம். அதே 1918இல், ஏப்ரல் 27ஆம் தேதி, பெரம்பூரில் பக்கிங்காம் கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்கள் சேர்ந்து சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கினார்கள். பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர், இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று சொல்லப்படுவது. எரிக்சன் கொஞ்சம் தெற்கே வந்திருக்கலாம்.

வந்திருந்தால் 1918ஐ மட்டும் காட்டி அனுப்பியிருப்போமா, 1921ஐயும் காட்டியிருப்போமா?

எங்கள் வீட்டில் 1921க்கு ஒரு கதை உண்டு. அப்பாவின் தாத்தா ஆலையில் நெசவுப் பிரிவில் இருந்தவர். அப்பாவைப் பெற்ற ஆயா சொல்வாள், அவளும் பார்த்தவள் இல்லை, அவள் மாமியார் சொல்லிக் கேட்டது: "நம்மாளுங்க மாசக்கணக்கா பட்டினி கெடந்தாங்க. அவுங்க பூந்து வேலைக்குப் போய்ட்டாங்க." அந்த 'அவுங்க' வரும்போது ஆயாவின் குரல் தானாகத் தாழும். அவுங்க என்றால் யார் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, குரல் தாழ்ந்ததை வைத்தே தெரிந்துகொண்டேன். இப்படித்தான் இந்தப் பாடம் எல்லா வீட்டிலும் நடக்கிறது.

எனக்கு ஒரு நண்பன், புளியந்தோப்புக்காரன், அப்பாவிடம் கேரம் கற்றவன். இருபது வருஷப் பழக்கம், கல்யாணம் சாவு எல்லாவற்றிலும் ஒன்றாக இருந்திருக்கிறோம், 1921 பற்றிப் பேசியதே இல்லை. ஒரு ராத்திரி டீக்கடையில் எதற்கோ பேச்சு ஆலைப் பக்கம் போனது. நான் பெருமையாக எங்கள் கொள்ளுத்தாத்தா பட்டினி கிடந்த கதையைச் சொன்னேன். அவன் கேட்டுவிட்டு, எங்க ஆயாவும் அந்த வருஷத்தைப் பத்திச் சொல்லும் என்றான். குடிசைகள் எரிந்த ராத்திரி. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடியது. திரும்பி வந்து சாம்பலில் பித்தளைச் சொம்பைத் தேடியது.

எனக்கு வந்த முதல் பதில் என்ன தெரியுமா? "ஆனா உங்காளுங்க வேலைக்குப் போனாங்கல்ல?" உங்காளுங்க. இருபது வருஷம் ஒரே டீயை ஒன் பை டூ வாங்கிக் குடித்தவனைப் பார்த்து, யோசிக்காமல், வாயில் தயாராக இருந்தது அந்த வார்த்தை.

அவன் கோபப்படவில்லை. கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "சங்கத்துல எங்காளுங்கள எந்த எடத்துல வச்சிருந்தாங்கன்னு நெனைக்கிற? கூட்டத்துக்குத் தலை காட்ட வேணும். முடிவு எடுக்கும்போது உப்புக்குச் சப்பாணி" என்றான். டீக்குக் காசும் அவனே கொடுத்தான்.

அதற்கப்புறம்தான் நான் தேடிப் படித்தேன். 1920 கடைசியில் ஏற்கெனவே ஒரு நீண்ட போராட்டம் நடந்து எல்லாரும் அடிபட்டிருந்தார்கள். அடுத்த வருஷம் மறுபடி வேலைநிறுத்தம் வந்தபோது, கையில் ஒரு காசு மிச்சமில்லாத ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலானோர் வேலைக்குப் போனார்கள். நிர்வாகம் அதைத் தனக்குச் சாதகமாக்கிக்கொண்டது. ஒரே தறியில் வேலை பார்த்தவர்கள் புளியந்தோப்பில் இரண்டு பக்கமாக நின்றார்கள், குடிசைகள் எரிந்தன, போலீஸ் சுட்டது, கடைசியில் வேலைநிறுத்தமும் தோற்றது. அந்தக் கசப்பு அப்போது ஆட்சியில் இருந்த நீதிக்கட்சி வரைக்கும் போனது, ஆதிதிராவிடத் தலைவர் எம்.சி. ராஜா கட்சியை விட்டு விலகியதில் புளியந்தோப்புக்கும் பங்கு உண்டு. மூன்றே வருஷம். 1918இல் நாடே திரும்பிப் பார்க்கிற அளவுக்கு மேலே ஏறிய அதே ஆட்கள், அதே தெரு.

ராபர்ட் கெகன் என்று ஹார்வர்டில் இருந்த ஒருவர், 1982இல் எழுதிய புத்தகத்தில் மனவளர்ச்சியை வேறு மாதிரிச் சொல்கிறார். நாம் எதற்குள் இருக்கிறோமோ அதை நம்மால் பார்க்க முடியாது, மீனுக்குத் தண்ணீர் மாதிரி. வளர்வது என்றால், இதுவரை உள்ளே இருந்து பார்த்த ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்து, ஓ இதுதானா என்று பார்க்க முடிவது. குழந்தை தன் ஆசைக்குள் இருக்கிறது, கொஞ்சம் பெரிதானதும் ஆசையைப் பார்க்கிறது, ஆனால் உறவுகளுக்குள் இருக்கிறது. பெரும்பாலான பெரியவர்கள் தன் ஊர், தன் கூட்டம், தன் கம்பெனி என்ன நினைக்கும் என்பதற்குள்ளேயே இருந்துவிடுகிறார்கள் என்பது அவர் கணிப்பு. அன்றைக்கு டீக்கடையில் எனக்கு நடந்தது இதுதான். ஆயா கதை என்னிடம் இருந்த ஒரு பொருள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உங்காளுங்க என்று வாய் தானாகப் பேசியபோதுதான் தெரிந்தது, நான்தான் அதன் சட்டைப்பையில் இருந்தேன்.

ஒரு ஆளுக்கு இது ஒரு டீ நேரத்தில் நடக்கலாம். ஊருக்கு எப்படி நடக்கும்? ஊருக்கென்று தனியாக ஒரு தலை கிடையாதே. இங்கே சங்கம் பிறந்த பெருமையைப் பேசும் மேடைகளை எத்தனையோ பார்த்திருக்கிறேன், ஒன்றிலும் எரிந்த குடிசைகளைப் பற்றி ஒருவர் பேசி நான் கேட்டதில்லை. மேசைமேல் வைக்க இன்னும் மேசையே வரவில்லை என்றுதான் தோன்றுகிறது.

சமூகங்களைப் படிப்படியாக அடுக்குகிறவர்கள்மேல் எனக்குப் பொதுவாகவே சந்தேகம். அமெரிக்காவின் லூயிஸ் மார்கன் 1877இல் மனித இனத்தைக் காட்டுநிலை, அநாகரிகநிலை, நாகரிகநிலை என்று மூன்றாகப் பிரித்தார். அடுக்கியவர் எந்தப் படியில் உட்கார்ந்திருந்தார் என்று கேட்கவே வேண்டாம். அந்தக் காலத்து மனநிலையின் இன்னொரு முகம் இங்கே சட்டமாகவே வந்தது: 1871இன் குற்றப் பரம்பரைச் சட்டம், 1911க்குப் பின் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. ஒரு குலத்தில் பிறந்ததற்காகவே பட்டியலில் பெயர், காவல் நிலையத்தில் கைநாட்டு. நாடு முழுக்க அது ஒழிய 1952 ஆனது. சட்டம் போனது, அந்தப் பார்வை போகவில்லை. வடசென்னை என்றால் கத்தி, கஞ்சா, கெட்ட வார்த்தை என்று எழுதி வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு நாங்கள் இன்னும் ஏதோ கீழ்ப்படியில் முட்டி போட்டுக்கொண்டிருக்கிறோம். அனல்மின் நிலையச் சாம்பல் எங்களுக்கு, குப்பைமேடு எங்களுக்கு, எண்ணெய்க் குழாய் எங்களுக்கு, மின்சாரம் மட்டும் எல்லாருக்கும். ஊர் ஆட்டத்தில் நாங்களும் உண்டு, எங்கள் பழம் கணக்கில் இல்லை.

இப்படிக் கோபமாக எழுதிக்கொண்டே போகலாம், சுகமாகத்தான் இருக்கிறது. ஆனால் 2023 டிசம்பரை விட்டுவிட்டுப் போக முடியாது. மிக்ஜாம் புயல். எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவி மீனவர்கள் வலையெல்லாம் நாசமானது அப்போதுதான். எங்கள் பக்கம் இடுப்பளவு தண்ணீர், கரண்ட் இல்லை, சாக்கடை வீட்டுக்குள். மூன்றாம் நாள் ஒரு படகில் பால், ரொட்டி, தண்ணீர் கேன் வந்தது. தெருவுக்கு ஒரு பட்டியல் கேட்டார்கள். கையெழுத்து நன்றாக இருக்கும் என்று என்னை எழுதச் சொன்னார்கள். பியாஜே, கோல்பர்க், கெகன் எல்லாம் படித்து முடித்த நான், வீடு வீடாக எண்ணி, குழந்தை இருக்கிற வீட்டுக்கு ஒன்று கூடுதலாகப் போட்டு, ரொம்ப நியாயமாக ஒரு பட்டியல் எழுதினேன். அப்பா மாடிப்படியில் உட்கார்ந்து அதை வாங்கிப் பார்த்தார். "ஷெட்டுல இருக்கிற பசங்க எங்கடா?"

தெருக்கோடி ஷெட்டில் பீகார்ப் பையன்கள் பதினோரு பேர் இருந்தார்கள். கட்டட வேலை. எனக்கு அவர்கள் ஞாபகத்துக்கு வராமல் இல்லை. வந்தார்கள். "அவங்களுக்கு அவங்க மேஸ்திரி பாத்துப்பாருப்பா" என்றேன். அவுங்க என்று ஆயா சொன்ன அதே தொனி. அப்பா ஒன்றும் பேசாமல் என் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, பட்டியலின் கடைசியில் 11 என்று எழுதி, யோசித்து, அதை அடித்துவிட்டு மேலே, எங்கள் வீட்டுக்கு முந்தின வரியில் எழுதினார். எங்கள் வீட்டுக்கு அன்றைக்குத் தண்ணீர் கேன் வரவில்லை. நான் கொஞ்சம் கடுப்பில்தான் இருந்தேன், இப்போதும் அதைப் பற்றிப் பெருந்தன்மையாக எழுத வரவில்லை.

பிள்ளைத்தமிழில் சப்பாணி என்பது ஒரு பருவம். ஒன்பதாம் மாதத்துக் குழந்தை உட்கார்ந்து இரண்டு கையையும் கொட்டும். அதற்கு முன்னால் செங்கீரை, தால், பின்னால் முத்தம், வருகை, அம்புலி. பத்துப் பருவம், எல்லாம் இரண்டு வயதுக்குள் முடிந்துவிடும். தெருவில் நாங்கள் சொன்ன சப்பாணி வேறு, நடக்க முடியாதவன் என்கிற பொருள். இரண்டையும் ஒரே சொல்லில் வைத்த மொழியை நினைத்தால் சில சமயம் சிரிப்பு வருகிறது.

அப்பாவுக்கு இப்போது 74. கை நடுங்குகிறது. மன்றத்தில் தகரக் கூரை போய் கான்கிரீட் வந்துவிட்டது, போர்டு புதுசு, ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பனின் மகளும் வந்து ஆடுகிறாள், பன்னிரண்டு வயசு, ரெட்டை எங்கிருந்தாலும் எடுத்துவிடுவாள். போன மாதம் அவளுக்கு எதிரே அப்பா உட்கார்ந்தார். சுண்டும்போது விரல் நழுவி ஸ்ட்ரைக்கர் பாதி வழியில் திரும்பி மூலைக் குழியில் விழுந்துவிட்டது. சுற்றி நின்ற பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தன் குனிந்து ஸ்ட்ரைக்கரை எடுத்து அவர் கையில் கொடுத்து, "பரவால்ல தாத்தா, இன்னொரு வாட்டி அடி" என்றான்.

அப்பா ஸ்ட்ரைக்கரை வாங்கவில்லை. அந்தப் பெண் குழந்தையைப் பார்த்தார். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அப்பா போட்டிருந்த காய்களிலிருந்து ஒன்றை எடுத்து, நடுவட்டத்தில் வைத்து, விரலால் லேசாக நகர்த்திச் சரிபார்த்துவிட்டு, தன் ஸ்ட்ரைக்கரைக் கோட்டில் வைத்தாள்.

"ஃபைன் தாத்தா. இப்ப என் ஆட்டம்."

அப்பா நாற்காலியைப் பின்னால் தள்ளி வசதியாக உட்கார்ந்துகொண்டார்.